ஏழாம் போத்தல்

போன மாதம் இல்ஃபோர்டில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞர். பழைய வைன் வாங்கிச் சேர்ப்பவராம். நான் முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைபேசியை என் முன்னால் நீட்டினார்.

"அங்கிள், இதை ஒன்லைன் ஏலத்தில எடுத்தனான். நல்ல போத்தலோ?"

படத்தில் லேபிள் அழகாக மங்கியிருந்தது.

"நேரில பாத்தனீங்களோ?"

"இல்லை. ஆனா நல்ல கொம்பனி அங்கிள்."

"வித்தவர் ஆர்?"

"அது சொல்ல மாட்டினம்."

"அப்ப நானும் ஒண்டும் சொல்ல ஏலாது, தம்பி" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் மனைவி பவானி, "அந்தப் பிள்ளையை ஏன் அப்பிடி வெருட்டினீங்கள்?" என்று கேட்டாள். நான் வெருட்டவில்லை. என்னை அப்படித்தான் பழக்கினார்கள். பழக்கியவரைப் பற்றியும், எங்கள் இருவரையும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட வைத்த ஒரு போத்தலைப் பற்றியும் எழுதிவைக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் நான் அச்சுக்கோப்பாளன். பன்னிரண்டு வருடம் ஈய எழுத்துகளோடு இருந்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தபோது இங்கே அந்த வேலையே இருக்கவில்லை. கணினி வந்துவிட்டது. வால்தம்ஸ்டோவில் எங்கள் ஊர்க்காரர் குணம் அண்ணையோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, தேம்ஸ் நதிக்குத் தெற்கே ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே இருந்த ஒரு வைன் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். ஏலத்துக்கு வரும் வைன்கள் அங்கேதான் கிடக்கும். மேலே ரயில் போகும்போது சுவர் அதிரும். கீழே எப்போதும் ஒரே குளிர், ஒரே ஈரம். நாங்கள் கம்பளிச் சட்டையோடு வேலை செய்தோம்.

ஏலத்துக்கு முன் வாங்குபவர்கள் வந்து போத்தல்களைப் பார்க்கலாம். அப்படி அடிக்கடி வந்தவர் மிஸ்டர் லாங்டன். அறுபது வயதை நெருங்கிய, ஒல்லியான, நெடிய மனிதர். வசதியானவர்களுக்காக ஏலத்தில் வைன் வாங்கிக் கொடுப்பது அவருடைய தொழில். எந்த வைனையும் அவர் "நல்லது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கடைசி வரை பார்த்துவிட்டு, "இதுவரை ஒன்றும் தெரியவில்லை" என்பார். அதுதான் அவருடைய உச்சமான பாராட்டு.

ஒரு நாள் அவருக்காக ஒரு பெட்டியைத் திறந்து வைத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேர், இந்த லேபிள் பழசு இல்லை."

அவர் போத்தலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இதைச் சொல்லச் சொன்னது யார்?"

ஒருவரும் இல்லை என்றேன். ஈய எழுத்து காகிதத்தில் அழுந்தும்போது மை விளிம்புக்கு ஒதுங்கும், எழுத்தைச் சுற்றி மெல்லிய கருங்கோடு விழும், பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும். இந்த எழுத்தில் அந்தக் கோடு இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் நன்றி சொல்லவில்லை. யாருக்கு வேலை செய்கிறேன், முன்பு எங்கே இருந்தேன், வேறு எந்த வியாபாரியைத் தெரியும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து வந்து, "ஓர் அச்சகக்காரரிடம் விசாரித்தேன். நீங்கள் சொன்னது சரி. களஞ்சியத்திலும் உங்களைப் பற்றி விசாரித்தேன். திங்கட்கிழமை என் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்றார்.

முதல் ஆறு மாதமும் பார்க்கப் பழகினேன். போத்தலைச் சரிக்காமல் கழுத்தில் பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து டோர்ச் லைட் அடித்தால் வைன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். நாற்பது வருடப் பழைய போத்தலில் மட்டம் கழுத்திலிருந்து கொஞ்சம் இறங்கித் தோளுக்கு வந்திருப்பதுதான் இயற்கை. கழுத்து நிறைய இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். தக்கையில் சுட்டிருக்கும் வருடத்தைக் கண்ணாடி வழியாக வாசிக்க வேண்டும். அடியில் படிந்த மண்டி மெழுகுபோல் ஒட்டியிருக்கிறதா, புகைபோல் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு லேபிள். அது என்னுடைய பகுதி.

"நினைத்ததைச் சொல்லாதீர்கள், மிஸ்டர் நேசன். பார்த்ததைச் சொல்லுங்கள்" என்பார். ஒரே போத்தலை மூன்று தடவை சொல்லச் சொல்வார். மூன்றாவது தடவை ஒரு சொல் மாறினாலும் மறுபடி டோர்ச் லைட்டை எடுக்க வேண்டும்.

நான் ஒரு போத்தலுக்கு ஒரு பக்கம் என்று கொப்பியில் எழுதினேன். தமிழில்தான். வேகமாக எழுத எனக்கு அதுதான் கைவந்தது. லேபிளின் கிழிசல், கறை, கண்ணாடியில் உள்ள கீறல் எல்லாவற்றையும் பென்சிலால் படமாகக் கீறிவைப்பேன். வெள்ளிக்கிழமைகளில் மிஸ்டர் லாங்டன் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தன் முதலெழுத்தும் திகதியும் போடுவார். "உங்களுக்கு இது வாசிக்கத் தெரியாதே, சேர்?" என்று ஒரு முறை கேட்டேன். "எப்போது எழுதினீர்கள் என்பதற்கு நான் சாட்சி. என்ன எழுதினீர்கள் என்பதற்கு இல்லை" என்றார்.

ஏல அறையிலும் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவர் முன்வரிசையில் இருந்து விலை கேட்பார். நான் பின்சுவரோடு நின்று, அவருக்கு எதிராகக் கேட்பவர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்ப்பேன். விற்பவர் வைத்த அடிவிலை வரை ஏலக்காரர் வெறும் சுவரைப் பார்த்துத் தலையாட்டி விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். அது அங்கே வழக்கம். ஆள் இல்லையென்றால் நான் இருமுவேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். அதற்குமேல் விலை கேட்க மாட்டார். எத்தனையோ தடவை ஏலக்காரர் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே தவித்திருக்கிறார்.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் மிஸ்டர் ஆஷ்வெல். ஓய்வுபெற்ற வழக்கறிஞர். வடலண்டனில் பெரிய வீடு. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கை குலுக்கி, குடும்பத்தை விசாரிப்பார். எனக்கும் கை தருவார். என்னுடைய அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும், மனைவி கொழும்பில் காத்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் அன்பாகக் கேட்டார், நான் சொன்னேன்.

ஒரு முறை அவருக்காக இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடத்து போர்தோ வைன் இரண்டு போத்தல் ஏலத்தில் எடுத்தோம். அந்த வருடத்துக்கு அப்போதே பெரிய பெயர். அவர் வீட்டில் எட்டுப் பேருக்கு மதிய விருந்து; மிஸ்டர் லாங்டனும் அதில் ஒருவர். போத்தல்கள் திறக்கப்படும் வரை கூடவே நிற்கும்படி மிஸ்டர் லாங்டன் என்னை அனுப்பினார். கெட்டுப்போயிருந்தால் மாற்றிக் கொடுத்தோம் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் சாப்பாட்டறை மூலையில் நின்றேன். இரண்டும் என் கண் முன்னால் வெறுமையாயின. கொப்பியில் அந்த இரண்டு பக்கத்திலும் நாள், வீடு, அறை, எத்தனை பேர் என்பதெல்லாம் போட்டு 'குடித்தாயிற்று' என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை மிஸ்டர் லாங்டன் அதன் கீழும் முதலெழுத்துப் போட்டார். மிஸ்டர் ஆஷ்வெல் வெறும் போத்தல்களைத் தன் கையாலேயே துடைத்து ஒரு மரப்பெட்டியில் வைத்தார். "ஞாபகத்துக்கு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பலரும் அப்படிச் செய்வார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வருடம் போனது.

ஓர் இலையுதிர்கால ஏலப் பட்டியலில் அதே வைன், அதே வருடம், பன்னிரண்டு போத்தல் கொண்ட முழுப்பெட்டி வந்தது. உரிமையாளர் பெயர் இல்லை. ஒரு கிராமப்புறப் பெரிய வீட்டின் குளிர்ந்த நிலவறையிலிருந்து அசையாமல் கிடந்து வந்தது என்று மட்டும் போட்டிருந்தார்கள். பட்டியல் வந்த மறுநாளே மிஸ்டர் ஆஷ்வெல் எங்களுக்குச் சொல்லியனுப்பினார்: எனக்கு அது வேண்டும். அவர் தந்த விலை வரம்பு மிஸ்டர் லாங்டனையே புருவம் தூக்க வைத்தது.

களஞ்சியத்துக்குப் போனேன். ஆறாவது போத்தல்வரை ஒன்றும் தெரியவில்லை. ஏழாவதைத் தூக்கி டோர்ச் லைட் அடித்தேன். தோளுக்கு ஒரு விரற்கடை கீழே, கண்ணாடிக்குள் எள் அளவில் இரண்டு குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. லேபிளின் இடது கீழ் மூலையில் முக்கோணமாக ஒரு கிழிசல். அதன்மேல் துருநிறத்தில் ஒரு கறை.  இந்தப் போத்தலை எனக்குத் தெரியும்.

அன்று மாலை வால்தம்ஸ்டோவில் கட்டிலுக்குக் கீழே இருந்த பழைய கொப்பிகளை இழுத்துத் தேடினேன். குணம் அண்ணை குசினியிலிருந்து அகப்பையோடு வந்து, "என்னடாப்பா, வீடு மாறப்போறியே?" என்றார். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். இரண்டு குமிழ், முக்கோணக் கிழிசல், கறை. மேலே என் கையெழுத்தில் 'குடித்தாயிற்று'. கீழே மிஸ்டர் லாங்டனின் முதலெழுத்து.

குணம் அண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தார்.

"குடிச்சு முடிச்ச போத்தில் திரும்ப நிறைஞ்சு வந்திருக்கு எண்டு சொல்லுறாய்."

"ஓம்."

"வெறும் போத்திலை ஆர் எடுத்தது?"

"ஆஷ்வெல் தான் எடுத்து வைச்சவர். ஆனா இதை வாங்கச் சொல்லுறதும் அவர்தானே அண்ணை. தான் வித்ததைத் தானே ஏன் வாங்குவார்? ஆரோ அவரின்ர வீட்டிலயிருந்து எடுத்திருக்க வேணும்."

"அப்ப அண்டைக்கு அங்க நிண்டது ஆர்?"

"நான். வேலைக்காரர். சாப்பிட வந்த ஆக்கள். லாங்டனும் சாப்பிட வந்தவர்."

அவர் அகப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச பார் நேசன். பொலிஸ் வந்தா முதல் ஆரைக் கேப்பாங்கள்? உன்ர கேஸ் உள்ளுக்குக் கிடக்கு. பவானி அங்க பாத்துக்கொண்டு இருக்கிறாள். நீ ஒண்டும் காணேல்லை. எல்லாப் போத்திலும் சரி எண்டு எழுதிக் குடுத்திட்டுப் பேசாமல் இரு."

அவர் சொன்னதில் பிழையில்லை. நான் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அறிக்கை எழுதப் பேனா எடுத்தபோது ஏழாம் போத்தலுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதினால், நாளைக்கு யாராவது என் பழைய கொப்பியைப் பார்த்தால் நானும் சேர்ந்த ஆள் ஆகிவிடுவேன். உள்ளதை எழுதினால் முதலில் வாசிப்பவர் மிஸ்டர் லாங்டன். அவரும் இதில் இருந்தால்? அவரோடு வேலை செய்த அத்தனை வருடத்தில் எனக்கு அந்த எண்ணம் வந்ததே அதுதான் முதல் தடவை. வந்த பிறகு போகவில்லை.

மூன்றாம் நாள் கொப்பியோடு அவர் முன்னால் போய் நின்றேன். சொன்னேன். மூன்று தடவை சொல்ல வைத்தார். மூன்று தடவையும் ஒரு சொல் மாறவில்லை.

"இந்தக் கொப்பியை வேறு யார் பார்த்தார்கள்?"

"என்னோடு இருப்பவர்."

"என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள்."

"ஏலாது, சேர்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு நான் மறுப்புச் சொன்ன முதல் நாள் அது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்று விருந்து முடிந்த பிறகு நீங்கள் எந்தக் கதவால் வெளியே போனீர்கள், மிஸ்டர் நேசன்?"

"குசினிக் கதவால்."

"கையில் என்ன இருந்தது?"

"டோர்ச் லைட். கொப்பி."

"சரி" என்றார். கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை என் மேசை லாச்சியை இழுத்தபோது உள்ளே பென்சில்கள் இடம் மாறியிருந்தன. அச்சகத்தில் பழகிய கை. நான் பென்சில்களை நீளவாரியாக அடுக்கி வைப்பவன். யாரோ எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார்கள். கோபம் வந்ததா பயம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போனால் களவெடுத்தவன் ஓடினான் என்று ஆகிவிடும்.

அவருடைய அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"நேற்று நீங்கள் போன பிறகு உங்கள் லாச்சியைத் திறந்து பார்த்தேன்" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "வெறும் போத்தல் வாங்கும் யாருடைய முகவரியாவது இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. உங்களுக்கும் என்மேல் சந்தேகம் இருக்கிறது. இருக்காவிட்டால் கொப்பியைத் தந்திருப்பீர்கள்." சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "என்னுடைய மேசை. எல்லா லாச்சிக்கும் இது ஒன்றுதான்."

வேறொருவர் என்றால், வேண்டாம் சேர் என்று சொல்லியிருப்பார். நான் சாவியை எடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு லாச்சியாகத் திறந்தேன். கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மூன்றாவது லாச்சியில் மிஸ்டர் ஆஷ்வெல்லின் கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. கடைசிக் கடிதம் அந்த வாரத்தது. பெட்டியை வாங்குவதோடு நில்லாமல், எங்கள் நிறுவனத் தாளில் விரிவான அறிக்கை ஒன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார். போத்தல்களைப் பற்றி மட்டுமல்ல, அவை கிடந்த நிலவறையைப் பற்றியும் இரண்டு வரி நல்லதாக எழுதச் சொல்லியிருந்தார். அதே நிலவறையிலிருந்து வசந்தகாலத்தில் வரப்போகும் மற்ற ஐந்து பெட்டிகளுக்கும் அது உதவும் என்பது கடைசி வரி.

அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்.

"சேர், பட்டியலில் எத்தனை பெட்டி என்று போட்டிருக்கிறது?"

"ஒன்று."

"உரிமையாளர் பெயர்?"

"இல்லை."

"அப்படியென்றால் இன்னும் ஐந்து பெட்டி வரும் என்று இவருக்கு எப்படித் தெரியும்?"

அவர் திரும்பினார். கடிதத்தை வாங்கி, நின்றபடியே வாசித்தார். தான் ஏற்கெனவே வாசித்து லாச்சியில் வைத்த கடிதம். அவருடைய காதுமடல்கள் சிவந்துபோனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பெட்டி இவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இவருக்கு வைன் தேவையில்லை" என்றார் கடைசியில். "நம்முடைய அறிக்கைதான் தேவை. முதல் பெட்டியை நாம் பார்த்து, நல்லது என்று எழுதி, பெரிய விலைக்கு வாங்கினால், மற்ற ஐந்தையும் யாரும் டோர்ச் லைட் அடித்துப் பார்க்க மாட்டார்கள்."

பிறகு கதிரையில் அமர்ந்து, என்னையும் அமரச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏல நிறுவனத்தில் வைன் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஸ் பியர்ஸ் என்ற பெண்மணி. நேர்மையானவர், ஆனால் பயந்தவர். மிஸ்டர் லாங்டன் அவரிடம் ஒன்றும் விளக்காமல், வாங்கப்போகும் வாடிக்கையாளரோடு வந்து பெட்டியை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை காலை மிஸ் பியர்ஸின் அறையில் நான்கு பேர் கூடினோம். பெட்டி மேசைமேல் இருந்தது. மிஸ்டர் ஆஷ்வெல் எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடம் பவானியைப் பற்றி விசாரித்தார்.

"ஏழாவது போத்தலைத் திறந்து சுவைத்துப் பார்க்க விரும்புகிறேன்" என்றார் மிஸ்டர் லாங்டன். "உரிமையாளரின் அனுமதி வேண்டும் அல்லவா?"

மிஸ் பியர்ஸ் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் மிஸ்டர் ஆஷ்வெல்லைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஏல அறையின் பின்சுவரோடு நின்று மற்றவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். அது எனக்குத் தப்பவில்லை.

"உரிமையாளர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்" என்றார் மிஸ்டர் ஆஷ்வெல் சிரித்தபடி.

தக்கை நல்லபடியாக வந்தது. வருடம் தெளிவாக இருந்தது. மூன்று கிளாஸில் ஊற்றினார்கள். மிஸ் பியர்ஸ் முகர்ந்தார், ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடினார். "அற்புதம்" என்றார். நான் மிஸ்டர் லாங்டனைப் பார்த்தேன். அவர் நிதானமாகச் சுவைத்து, விழுங்கி, "ஆமாம். மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார்.  நாங்கள் இருவரும் பிழை விட்டுவிட்டோமோ?

மிஸ்டர் ஆஷ்வெல் கிளாஸை உயர்த்தினார்.

"மிஸ்டர் நேசன், வாசியுங்கள்" என்றார் மிஸ்டர் லாங்டன்.

கொப்பியைத் திறந்து தமிழில் எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். நாள். யாருடைய வீடு. எந்த அறை. எத்தனை பேர். இரண்டு குமிழ். முக்கோணக் கிழிசல். குடித்தாயிற்று. 

"எங்களில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது" என்றார் மிஸ்டர் ஆஷ்வெல். "அவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்."

நான் கொப்பியை மிஸ் பியர்ஸ் பக்கம் திருப்பி வைத்தேன். படத்துக்கு மொழி தேவையில்லை. அவர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் குமிழ்களைத் தேடினார். கண்டார். லேபிளைப் படத்தோடு வைத்துப் பார்த்தார். பக்கத்தின் கீழே மூன்று வருடத்துக்கு முந்திய திகதியையும் முதலெழுத்தையும் விரலால் தொட்டார்.

"வெறும் போத்தல்களை வெளியே கொண்டுபோக வழியிருந்தவர் இவர்தான்" என்றார் மிஸ்டர் ஆஷ்வெல். குரல் மாறவேயில்லை. "உள்துறை அமைச்சில் இவருடைய விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. இப்படி ஒரு விவகாரம் அதற்கு நல்லதா என்று யோசியுங்கள், நேசன்."

நான் கொப்பியை மூடவில்லை.

"இவரை நான் சந்தேகப்பட்டேன்" என்றார் மிஸ்டர் லாங்டன். "இவருடைய லாச்சியைத் திறந்து பார்த்தேன். பிறகு இவர் என்னுடையதைத் திறந்து பார்த்தார். அதில் இது இருந்தது." கடிதத்தை மேசைமேல் வைத்து, கடைசி வரியின் கீழ் விரலை வைத்தார். "ஐந்து பெட்டி. மிஸ் பியர்ஸ், இன்னும் ஐந்து பெட்டி இருப்பது உங்களையும் உரிமையாளரையும் தவிர யாருக்குத் தெரியும்?"

மிஸ் பியர்ஸ் கடிதத்தை எடுத்து வாசித்தார். பிறகு பெட்டியின் மூடியை எடுத்து மூடினார். "ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

மிஸ்டர் ஆஷ்வெல் கிளாஸில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். கோட்டை எடுத்தார். மற்ற இருவருக்கும் கை கொடுத்துவிட்டு, என்னைக் கடந்து போனார்.

பட்டியலில் அந்தப் பெட்டிக்கு நேரே 'உரிமையாளரின் விருப்பப்படி விலக்கப்பட்டது' என்று போட்டார்கள். பொலிஸுக்கு யாரும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். மற்ற ஐந்து பெட்டிகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. எங்காவது ஒரு நிலவறையில் யாரோ அதைப் பெருமையோடு விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம். உள்துறை அமைச்சுக்கு மிஸ்டர் ஆஷ்வெல் எழுதினாரா என்பதும் தெரியாது. அந்த வருடம் என் அனுமதி புதுப்பிக்கப்பட்டு வர ஐந்து மாதம் பிந்தியது. கதவுக்குக் கீழே பழுப்பு உறை விழும் சத்தம் கேட்டாலே குணம் அண்ணைதான் முதலில் ஓடிப்போய் எடுப்பார். எனக்குக் கை வராது. ஆஷ்வெல் எழுதியதால் பிந்தியதா, எல்லோருக்கும் பிந்தியதா என்று கேட்க ஆள் இல்லை. பவானி வந்து சேர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. மிஸ்டர் லாங்டனோடு அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வேலை செய்தேன். லாச்சிகளைப் பற்றி நாங்கள் பிறகு கதைத்ததில்லை. இருவரும் அவற்றைப் பூட்டுவதை மட்டும் விட்டுவிட்டோம்.

அந்த வியாழக்கிழமை மிஸ்டர் ஆஷ்வெல் போய்க் கதவு மூடிய பிறகு அறையில் மூன்று பேர்தான் மிச்சம். போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது; அந்த வருடத்து வைன் அல்ல, யாரோ ஊற்றி நிறைத்த வேறு ஏதோ வைன். மிஸ் பியர்ஸ் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்டர் லாங்டன் சுத்தமான கிளாஸ் ஒன்றை எடுத்து, ஊற்றி, என் பக்கம் தள்ளினார். அதுவரை நான் வாழ்க்கையில் ஒரு வாய் வைன் குடித்ததில்லை. அது அவருக்கும் தெரியும்.

குடித்தேன். முதலில் புளித்தது. பிறகு வாய்க்குள் மெதுவாக விரிந்தது. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றது.

"எப்படி?" என்றார்.

பார்த்ததைத்தானே சொல்ல வேண்டும். "நன்றாக இருக்கிறது, சேர்."

"ஆமாம்" என்றார், பேனாவை எடுத்து என்னிடம் நீட்டியபடி. "அதையும் எழுதிவையுங்கள்."